நாய்க்காக இவ்வளவு அழலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் தூரத்தில் இருக்கிறார்கள். வீட்டில் நானும், கணவர் குட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்த நாயும் மட்டும்தான். அதற்கு 13 வயது. போன மாதம் திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, ரொம்பத் தாமதமாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார் மருத்துவர். நான்கு நாள் வலியோடு கிடந்தது. கடைசியில் ஊசி போட்டு அனுப்பிவைத்தோம். கையெழுத்துப் போட்டது நான்தான். அன்றிலிருந்து அழுகை நிற்கவில்லை. கணவர் போனபோதுகூட நான் இப்படி அழவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சபையில் ஒரு சகோதரி, "நாய்க்காக இப்படி அழுவது விக்கிரகாராதனை. நாய்கள் பரலோகத்துக்குப் புறம்பே என்று வேதத்திலேயே இருக்கிறதே" என்றார். நான் அழுவது பாவமா? அதன் உயிரை எடுக்க எனக்கு என்ன உரிமை? அதை மறுபடி பார்ப்பேனா? மகன் புதுக் குட்டி வாங்கித் தருகிறேன் என்கிறான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. விடியற்காலையில் மூக்கால் முட்டி என்னை எழுப்பும். நான் ஜெபித்து முடிக்கும்வரை காலடியில் படுத்திருக்கும். இப்போது அந்த இடத்தில் போய் உட்காரவே முடியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கையால் எழுதியது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் அதன் பெயரை எழுதி, பிறகு அழுத்தி அடித்துவிட்டு, மேலே ‘நாய்’ என்று போட்டிருக்கிறீர்கள். கேள்விகளை எல்லாம் தாண்டி என் கண் அந்த அடித்தலில்தான் போய் நின்றது. ‘போயும் போயும் ஒரு நாய்க்கா’ என்று மற்றவர்கள் கேட்பதற்குள் நீங்களே முந்திக்கொண்டு அதைச் சின்னதாக்கிவிட்டீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த வசனம். வெளிப்படுத்தின விசேஷம் 22:15ல் நாய்கள் புறம்பே இருக்கும் என்று இருப்பது உண்மைதான். பட்டியலை முழுக்கப் படித்துப் பாருங்கள். சூனியக்காரர், விபசாரக்காரர், கொலைபாதகர், விக்கிரகாராதனைக்காரர், பொய்யை விரும்புகிறவர்கள். எல்லாரும் மனிதர்கள். ‘நாய்’ என்பது அந்தக் காலத்தில் ஆளைத் திட்டுகிற சொல். இந்தக் காலத்திலும் அப்படித்தான். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது ‘நாய்களுக்கு எச்சரிக்கையாயிருங்கள்’ என்கிறார். வெளிக்கதவில் மாட்டும் பலகை மாதிரி இருக்கிறது, ஆனால் அவர் சொல்வது சபைக்குள் புகுந்த கள்ளப் போதகர்களை. நாலு காலில் நடக்கிற நாயைப் பற்றி இரண்டு இடத்திலும் பேச்சே இல்லை.

நிஜ நாய் வரும் இடங்களைப் பாருங்கள். ஐசுவரியவானின் வாசலில் லாசரு பருக்கள் நிறைந்தவனாய்க் கிடக்கிறான். நாய்கள் வந்து அவன் பருக்களை நக்குகின்றன. அவன் அவமானத்தின் உச்சத்தைக் காட்டத்தான் இந்த வரி என்று சொல்லும் விளக்கவுரைகள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்த வாசலில் அவனைத் தேடி அருகில் வந்தவை என்று இயேசு சொல்வது அவற்றை மட்டும்தான். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தோபித்து என்று ஒரு நூல் இருக்கிறது. இளம் தோபியாவும் வானதூதர் இரபேலும் நெடும்பயணம் புறப்படும்போது வீட்டு நாயும் கூடவே கிளம்பிவிடுகிறது. கதையில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா கூடப் போகிறது, அவ்வளவுதான். நாய் வளர்த்த யாரோதான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்புறம் அந்தக் கானானியப் பெண். பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்று ஆண்டவர் சொன்னதும், ‘நாய்க்குட்டிகளும் தங்கள் எஜமான்களின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைத் தின்னுமே’ என்று பட்டென்று பதில் சொல்கிறாள். கிரேக்க மூலத்தில் இருப்பது குட்டி நாய், வீட்டுக்குள் திரியும் நாய் என்கிற சொல். நம் தமிழ் வேதாகமம் அதைச் சரியாகவே ‘நாய்க்குட்டி’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. சாப்பிடும்போது மேஜைக்கடியிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் அந்தக் கண்களை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். அதை வைத்தே ஆண்டவரிடம் வழக்காடி, மகளுக்குச் சுகமும் வாங்கிக்கொண்டு போகிறாள்.

விக்கிரகாராதனை என்ற வார்த்தையையும் அவ்வளவு லேசாகத் தூக்கி எறியக் கூடாது. கடவுளுக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் விக்கிரகம். ஆலோசனைக்கு வருகிறவர்களில் அப்படிச் சிலரையும் பார்த்திருக்கிறேன். மனுஷரே வேண்டாம், நாய் போதும் என்று உறவுகளுக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டவர்கள். மனிதருக்குரிய அன்பை மிருகங்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி எச்சரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே பத்தியில், மிருகங்களை நேசிக்கலாம் என்றும் அது சொல்கிறது. உங்கள் விஷயம் என்ன? இருட்டோடு உங்களை ஜெபிக்க எழுப்பிவிட்டதே அந்த நாய்தான். எந்த விக்கிரகம் இந்த வேலையைச் செய்யும்?

இனி யாராவது ‘நாயைப் பிள்ளை மாதிரி வளர்த்தீர்களா’ என்று இளக்காரமாகக் கேட்டால், 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். தாவீது செய்த அநியாயத்தை அவனுக்கு உணர்த்த நாத்தான் தீர்க்கதரிசி ஒரு கதை சொல்கிறார். ஒரு ஏழை, அவனிடம் இருந்தது ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அது ‘அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்திலே குடித்து, அவன் மடியிலே படுத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது.’ மகளைப்போல என்பது வேதத்தின் வார்த்தை. அந்த ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்து அடித்தான் என்றதும் தாவீது கொதித்து எழுகிறான். ஆட்டுக்குட்டிக்குப் போய் என்ன இவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாத்தானின் கதை அங்கேயே செத்திருக்கும். ஒரு ராஜாவின் மனசாட்சியைத் தட்டி எழுப்பக் கடவுள் அனுப்பிய கதையில், ஒரு மனிதன் தன் வீட்டு மிருகத்தின்மேல் வைத்த பாசம் இருக்கிறது. அது பைத்தியக்காரத்தனம் என்று ஒரு சொல்கூட அங்கே இல்லை.

சரி, கணவருக்காக அழுததை விட அதிகமாக இதற்கு அழுகிறேனே என்கிறீர்கள். உங்களுக்கு வெட்கம் தரும் இந்த விஷயம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. கணவர் இறந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள். பிள்ளைகளைத் தேற்றியிருப்பீர்கள், பத்திரங்கள், வங்கி, கையெழுத்து என்று அலைந்திருப்பீர்கள். அழ நேரம் இருந்திருக்காது. துக்கம் எங்கேயும் போய்விடவில்லை, ஓரமாக உட்கார்ந்திருந்தது. இந்த நான்கு வருடமும் அந்த வீட்டில் உங்களைத் தவிர அவருடைய குரலைத் தினமும் கேட்டுப் பழகிய ஒரே உயிர் இந்த நாய்தான். அவர் வரும் நேரத்துக்குக் கதவைப் பார்த்திருக்கும். அவர் கையால் கொண்டுவந்து வளர்த்தது. இப்போது அதுவும் போனபோது அவரும் இரண்டாம் முறை போயிருக்கிறார். இரண்டு சாவுக்கும் சேர்த்துத்தான் அழுகிறீர்கள்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989ல் ஒரு வகைத் துக்கத்தைப் பற்றி எழுதினார்: சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கம். வளர்ப்பு மிருகத்தின் சாவு இந்த வகையில் வரும். நம் பாஷையில் சொன்னால், துஷ்டி கேட்க ஆள் வராத சாவு. துக்கம் விசாரிக்க நாலு பேர் வந்தால் நாலு முறை சொல்லி அழுவோம், ஐந்தாவது முறை கொஞ்சம் நிதானம் வரும். உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்? வந்த ஒருவரும் வசனத்தோடு வந்தார். அதனால் இந்தக் கடிதத்தையே என் துஷ்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி விஷயத்தில் இரண்டு குற்ற உணர்ச்சிகள் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. ‘முன்னாலேயே கவனித்திருக்க வேண்டும்’ என்பது ஒன்று. கால்நடை மருத்துவரான என் நண்பரிடம் இதைக் கேட்டேன். வயதான நாய்களுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லத்தான் பழுதாகும், ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் வழக்கமான ரத்தப் பரிசோதனையிலேயே கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிக் காட்டும் என்றார். அதுவரை மிச்சமிருக்கும் கால் பங்கு எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருக்கும். கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், கொஞ்சம் இளைக்கும், வயசாகிவிட்டது என்று நினைப்போம். போதாதற்கு நோவை மறைப்பது மிருகங்களின் இயல்பு. ரத்தப் பரிசோதனைக்கே பிடிபடாததை நீங்கள் கண்ணால் பிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? ‘தாமதமாகக் கொண்டுவந்தீர்கள்’ என்று சொன்னவர் கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கலாம்.

இரண்டாவது, கையெழுத்து. மனித உயிரை முடித்துவைப்பதில் மிகக் கண்டிப்பாக இருக்கும் திருச்சபைகள்கூட, தேறாத வலியில் இருக்கும் மிருகத்துக்கு அந்தச் சட்டத்தைப் போடுவதில்லை. மிருகத்தைத் தேவையில்லாமல் துன்பப்படவிடுவதைத்தான் தவறு என்கின்றன. நீதிமொழிகள் 12:10ஐ நம் வேதாகமத்தில் ‘நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்’ என்று படிக்கிறோம். எபிரெயத்தில் இருக்கும் சொல்லைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால், நீதிமான் தன் மிருகத்தின் உயிரை ‘அறிகிறான்’. 13 வருடம் அதன் ஒவ்வொரு முனகலுக்கும் அர்த்தம் தெரிந்தவர் நீங்கள். நான்காம் நாள் அது உங்களைப் பார்த்த பார்வைக்கும் அர்த்தம் தெரிந்தது. தெரிந்ததால்தான் கை கையெழுத்துப் போட்டது. மயக்கம் முதலில் வந்துவிடும், சில நொடிகளில். மூச்சும் இதயமும் நிற்பது அதற்குப் பிறகுதான். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அது கடைசியாக உணர்ந்தது உங்கள் கையைத்தான்.

மறுபடி பார்ப்பேனா என்ற கேள்விக்கு வரும்முன் என் பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில், எட்டு வயது இருக்கும், ஒரு பையன் செத்துப்போன முயலை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். ஜெபம் பண்ணிப் புதைக்க வேண்டும் என்றான். எனக்கு அப்போது எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ‘மிருகத்துக்கு ஆத்துமா கிடையாது தம்பி’ என்று அனுப்பிவிட்டேன். அவன் அழவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஆடாமல் பார்த்துப் பார்த்து நடந்து போனான். பிற்பாடு எபிரெயம் கொஞ்சம் படிக்கும்போதுதான் கவனித்தேன். ஆதியாகமம் 2:7ல் மனுஷன் ‘ஜீவாத்துமாவானான்’ என்கிற இடத்தில் இருக்கும் அதே இரண்டு சொற்கள், முதல் அதிகாரத்தில் மீனுக்கும் மிருகத்துக்கும் ‘ஜீவஜந்து’ என்று வருகிற இடத்திலும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பில்தான் இரண்டும் பிரிந்துவிட்டன. மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டவன், அந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பையனிடம் நான் அடித்துச் சொன்ன அளவுக்கு வேதம் அடித்துச் சொல்லவில்லை.

திருச்சபையின் பெரியவர்களும் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. மிருகத்தின் ஆன்மா உடலோடு முடிந்துவிடும் என்றார் தாமஸ் அக்குவினாஸ். 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி ரோமர் 8ஆம் அதிகாரத்தை எடுத்து ஒரு முழுப் பிரசங்கம் செய்தார். சிருஷ்டி முழுவதும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் என்று பவுல் சொன்னால் அதில் மிருகங்களும் அடக்கம், அவையும் பழைய நிலைக்கு, அதைவிட மேலான நிலைக்கும் கொண்டுவரப்படும் என்றார். 2015ல் போப் பிரான்சிஸ் தமது சுற்றுமடலில், நித்திய வாழ்வில் ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் இடம் இருக்கும் என்ற பொருளில் எழுதினார். அதற்கு முந்திய வருடம், நாய் செத்து அழுத சிறுவனிடம் அவர் ‘நாய்களும் சொர்க்கத்துக்குப் போகும்’ என்று சொன்னதாக ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அது நடக்காத கதை. உங்கள் போனுக்கும் அது என்றைக்காவது வந்து சேரலாம், அதனால் சொல்லி வைக்கிறேன்.

நிச்சயமாகப் பார்ப்பீர்கள் என்று நான் எழுதிக்கொடுக்க முடியாது. அது என் கையில் இல்லாத வாக்குறுதி. நான் பிடித்துக்கொண்டிருப்பது வேறொரு வசனம். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி என்கிறார் ஆண்டவர். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு காசுக்கு நாலுதானே வர வேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. விலையே இல்லாதது, சேர்த்துப் போட்டுக் கொடுத்தது. ‘அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை’ என்கிறார். அந்தக் கொசுறையும் சேர்த்துத்தான். கடவுளின் ஞாபகத்தில் இருப்பது என்றால் என்ன, அது எந்த உருவில் திரும்பி வரும் என்பதெல்லாம் எனக்கு எட்டாதவை. நோவாவோடு பண்ணிய உடன்படிக்கையில் பேழையிலிருந்து இறங்கிய மிருகங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தவர், நினிவேயில் இருந்த மிருகஜீவன்களுக்காகவும் பரிதாபப்பட்டவர். அவர் எதை எவ்வளவு தூரம் காப்பாற்றுவார் என்று நான் எல்லை போடமாட்டேன். ஒரு முறை போட்டு, பையனை அனுப்பிவிட்டேனே.

இனி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் உட்கார முடியவில்லை என்று. எனக்கு அதுதான் உங்கள் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. நாயோடு ஜெபமும் போய்விட்டது. இத்தனை வருடம் நீங்கள் தனியாக ஜெபித்ததே இல்லை. பாதத்தின்மேல் ஒரு சூடு, ஏறி இறங்கும் ஒரு மூச்சு. உங்கள் ஆமெனுக்கு அது எழுந்து உடம்பை உதறும் சத்தம். இதெல்லாம் ஜெபத்தின் பகுதியாகவே ஆகிவிட்டிருக்கிறது. அது இல்லாத மௌனம் பயமாகத்தான் இருக்கும்.

அங்கே உடனே போய் உட்கார வேண்டாம். வேறு அறையில், வேறு நேரத்தில் கொஞ்ச நாள் இருங்கள். வார்த்தை வராவிட்டால் 104ஆம் சங்கீதத்தைச் சத்தமாகப் படியுங்கள். காட்டுக்கழுதை தாகம் தீர்ப்பதும், நாரை கூடு கட்டுவதும், சிங்கக்குட்டி இரைக்காகத் தேவனை நோக்கிக் கெர்ச்சிப்பதுமாக அது போகும். மார்ட்டின் லூத்தரிடம் ஒரு நாய் இருந்தது. மேஜையில் இருந்த இறைச்சித் துண்டை அது வாயைத் திறந்தபடி, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, இந்த நாய் இறைச்சியைப் பார்க்கிற மாதிரி என்னால் ஜெபிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. வார்த்தையே இல்லாத ஜெபத்தைக் காலடியில் 13 வருடம் பார்த்திருக்கிறீர்கள். கொஞ்ச நாள் அப்படியே இருந்து பாருங்களேன். இரண்டு மாதம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் சரிப்படவில்லை, எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். விசுவாசக் குறைவு என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

புதுக் குட்டி இப்போது வேண்டாம். மகனின் மனசு புரிகிறது, அம்மா அழுவதைத் தூரத்திலிருந்து கேட்க முடியவில்லை அவனுக்கு. குட்டிக்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள் போனில் பழைய நாயைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அவனுக்கும் அது கூட வளர்ந்த உயிர்தான், அவனுக்கும் அழ வேண்டியிருக்கலாம். பிறகு ஒருநாள் வீட்டில் இன்னொரு மூச்சு வேண்டும் என்று தோன்றினால், காப்பகத்தில் யாரும் எடுத்துப்போகாத வயதான நாய்களைப் பாருங்கள். உங்கள் வயதுக்கும் அவற்றின் நடைக்கும் ஒத்துப்போகும்.

கடைசியாக அந்த அடித்தல். ‘மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல’ என்று ஆதியாகமத்தில் கடவுள் சொன்ன பிறகு, ஏவாள் வருவதற்கு முன்னால், ஆதாமிடம் யாரைக் கூட்டி வருகிறார் என்று பாருங்கள். மிருகங்களையும் பறவைகளையும். ஏற்ற துணை அவற்றில் கிடைக்கவில்லைதான், ஆனால் அவன் தனிமையைப் பார்த்து அவர் முதலில் கூட்டிவந்தது அவற்றைத்தான். என்ன பேரிடுவான் என்று பக்கத்தில் நின்று பார்க்கிறார். ‘எந்தெந்தப் பேரிட்டானோ அதுவே அதற்குப் பேராயிற்று’ என்று இருக்கிறது. கடவுள் அதைத் திருத்தவில்லை.

உங்கள் கோட்டுக்குக் கீழே பெயர் இன்னும் தெரிகிறது, இரண்டே எழுத்து. அது உங்கள் வீட்டுப் பெயர் என்பதால் இங்கே அச்சில் போடவில்லை. ஜெபம் திரும்பி வந்ததா என்று எனக்கு எழுதுங்கள். எழுதும்போது அந்தப் பெயரை அடிக்காமல் எழுதுங்கள்.